கட்டி முடிக்க முப்பது ஆண்டுகள்

பள்ளி வரலாறு என்ற தலைப்பைக் கண்டதும் பல மாணவியர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அடிக்கல் நாட்டிய நாள், திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியவர், செலவான தொகை, வகுப்பறைகளின் எண்ணிக்கை ஆகியவைதாமே அதில் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். வரலாறு கற்பிக்கும் எனக்கோ அந்தப் பக்கத்தைக் கடந்து போக மனம் வருவதில்லை. எழுதியிருப்பதைப் படித்து முடித்த பிறகு, எழுதாமல் விட்டதையும் தேடிப் பார்ப்பேன். இந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது? கதவு திறந்த அன்று உள்ளே நுழைந்தவர்கள் யார்? வெளியே நின்றவர்கள் யார்?

இக்கேள்விகளுக்கு விடை தேடி நான் படித்தவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது கடல் கடந்த ஒரு பள்ளியின் வரலாறு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் ஆர்க்கன்சாஸ் என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் லிட்டில் ராக். 'சிறு பாறை' என்று பொருள்படும் பெயருடைய அந்நகரில், மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி ஒன்று உண்டு. சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி என்பது அதன் பெயர். அப்பள்ளி எழுந்த கதையைத்தான் மாணவியருக்கும் பெற்றோருக்கும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பெரிய மரமும் சிறு விதையிலிருந்துதானே முளைக்கிறது? அந்நகரின் பொது உயர்நிலைக் கல்வியும் 1869ஆம் ஆண்டில் ஒரு மரக் கட்டடத்தில்தான் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1873இல் முதல் அணி மாணவர் படிப்பை முடித்து வெளியேறினர். பிள்ளைகளின் தொகை பெருகப் பெருக, பள்ளி ஒவ்வோர் இடமாக மாறியது. 1905இல் ஒரு புதிய கட்டடம் எழுந்தது. நாளடைவில் அதிலும் இடம் போதவில்லை. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, ஊரே பெருமைப்படும்படி ஒரு பள்ளியைக் கட்டிவிடுவோம் என்று நகரத்தார் முடிவு செய்தனர்.

அவர்கள் கட்டிய விதத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். கட்டடக்கலை வல்லுநர் ஐவர் ஒன்றுகூடித் திட்டம் வரைந்தனர். கட்டடத்தின் நீளம் இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட தொலைவைப்போல் இருமடங்கு. தளங்களின் பரப்பு 1,50,000 சதுர அடி. நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர். அதில் இட்ட கான்கிரீட்டின் எடை மூன்று கோடியே அறுபது லட்சம் பவுண்டு, அதாவது 16,000 டன்னுக்கும் மேல்! இரும்பு 370 டன். கலையரங்கில் 2,000 பேர் அமரலாம். அதன் மேடை மட்டும் 160 அடி நீளமும் 60 அடி அகலமும் கொண்டது. உடற்பயிற்சிக் கூடமாகவும் அதையே பயன்படுத்தினார்கள். எல்லாவற்றிற்கும் ஆன செலவு 15 லட்சம் டாலர். 1927ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கதவுகள் திறந்தபோது, அமெரிக்காவிலேயே மிக அழகிய உயர்நிலைப் பள்ளி என்று அது புகழப்பட்டது.

இந்த எண்களைப் படிக்கும்போது என் நினைவு என் தாயாரிடம் செல்கிறது. அவர் சித்தாளாக வேலை பார்த்தவர். நாங்கள் வாழ்ந்த ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாடி எடுத்தபோது, சும்மாட்டின்மேல் சாந்துச் சட்டியை வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்கியிருக்கிறார். அப்பள்ளியின் எந்த அறைக்கு எத்தனை சட்டி போயிற்று என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால், அந்த அறைகளில் நடந்த ஒரு பாடமும் அவருக்குத் தெரியாது. "பூசுகிறவரைக்கும் எங்கள் இடம், பூசி முடித்ததும் வாசலோடு சரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்புக்குள் இருந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை. ஒரு கட்டடத்தின் கணக்கில் கல்லும் மணலும் மட்டும் சேர்ந்தால் போதாது, வாசலோடு நின்றவர்களின் பெயரும் சேர வேண்டும் என்று நான் கற்றது அவரிடமிருந்துதான்.

லிட்டில் ராக் பள்ளியின் வாசலுக்கு வருவோம். முகப்பில் இருபுறமும் படிகள் ஏறுகின்றன. வாயிலுக்கு மேலே நான்கு பெண் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு பெயர் உண்டு: உயர்நோக்கு, ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். படிக்க வரும் பிள்ளையை இந்நான்கும் வரவேற்க வேண்டும் என்று எண்ணி அமைத்தவர்களின் நல்லுள்ளத்தை நாம் பாராட்டலாம். ஆனால், அதே ஊரில் வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகள் அந்தப் படிகளில் மாணவராகக் கால் வைக்க முடியாது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தாருக்கு வேறு பள்ளி என்பது அந்நாளில் அங்கு வழக்கமும் சட்டமுமாக இருந்தது. பிரித்து வைக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று 1896இலேயே அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வாய்ப்பு என்னும் சிலையின் காலடியிலேயே வாய்ப்பு மறுக்கப்பட்டது!

சமம் என்றார்களே, சமமாகத்தான் இருந்ததா? அதையும் கட்டடக் கணக்கிலேயே பார்த்துவிடுவோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929இல் கறுப்பின மாணவருக்காக அதே நகரில் மற்றோர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. முதற்பள்ளியை வரைந்த ஐவருள் இருவரே இதையும் வரைந்தனர். ஆகவே முகத்தோற்றத்தில் இரண்டும் அக்காளும் தங்கையும் போலிருக்கும். செலவில்தான் வேற்றுமை. அக்காளுக்கு 15 லட்சம். தங்கைக்கு 4 லட்சம். அந்த 4 லட்சத்திலும் 67,500 டாலர் ரோசன்வால்ட் நிதியிலிருந்தும், 30,000 டாலர் ராக்ஃபெல்லர் குடும்பத்தார் நிறுவிய கல்வி வாரியத்திலிருந்தும் நன்கொடையாக வந்தவை.

ஜூலியஸ் ரோசன்வால்ட் என்பவர் பெரும் வணிகர். கறுப்பினக் கல்வியாளரான புக்கர் வாஷிங்டனின் தூண்டுதலால், தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்டப் பொருளுதவி செய்தார். அவ்வாறு எழுந்த கட்டடங்கள் ஏறத்தாழ 5,000. அவர் முழுத் தொகையையும் தரமாட்டார். ஊராரும் தங்கள் பங்கைப் போட வேண்டும். கையில் காசில்லாத ஏழை விவசாயக் குடும்பங்கள் நிலத்தையும் மரத்தையும் தங்கள் உடலுழைப்பையும் கொடுத்துப் பள்ளிகளை எழுப்பின. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் கோடீஸ்வரரின் நிதி கொடுத்ததைவிட அந்த ஏழைகள் கொடுத்தது சற்று அதிகம்! ஏழை விதவையின் காணிக்கையை நம் மாணவியருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

லிட்டில் ராக் நகரின் அந்தத் தங்கைப் பள்ளிக்கு, அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து கவிஞராக உயர்ந்த பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைச் சூட்டினார்கள். கைத்தொழிலைக் கற்பிக்கும் இடமாக அது இருந்தால் போதும் என்று சிலர் கருதியபோது, எங்கள் பிள்ளைகளுக்கு முழுமையான கல்வியே வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் வற்புறுத்தினர்; வெற்றியும் பெற்றனர். டன்பார் பள்ளி நல்லாசிரியர்களால் புகழ் பெற்றது. ஆயினும், சென்ட்ரல் பள்ளியில் படித்துத் தேய்ந்த புத்தகங்களே கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. கிழிந்த ஏடுகளில் மற்றவர் எழுதிய பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொண்ட பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

காலம் உருண்டது. 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு, பொதுப்பள்ளிகளில் இனத்தால் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அதன்படி 1957ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர் சென்ட்ரல் பள்ளியில் சேர முன்வந்தனர். அந்த ஒன்பதின்மருள் அறுவர் பெண்கள் என்பதை நம் மாணவியர் பெருமையுடன் குறித்துக்கொள்ள வேண்டும். எலிசபெத் எக்ஃபோர்டு, மினிஜீன் பிரவுன், குளோரியா ரே, தெல்மா மதர்ஷெட், மெல்பா பட்டிலோ, கார்லட்டா வால்ஸ் ஆகியோர் அந்தப் பெண்மணிகள். ஏர்னஸ்ட் கிரீன், டெரன்ஸ் ராபர்ட்ஸ், ஜெஃபர்சன் தாமஸ் ஆகியோர் மற்ற மூவர். எல்லாரிலும் இளையவளான கார்லட்டாவுக்கு வயது 14.

செப்டம்பர் 4ஆம் நாள் காலை. எல்லாரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போவதென்று ஏற்பாடு. ஆனால் எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லை. செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்நாளுக்கென்றே வீட்டில் தைத்த புத்தாடையை உடுத்திக்கொண்டாள். புறப்படுமுன் தாயுடன் குடும்பமாகச் செபம் செய்தாள். பதினைந்து வயதுப் பெண், பேருந்தில் தனியாக வந்து இறங்கினாள். மாநில ஆளுநர் நிறுத்தியிருந்த காவற்படை பள்ளியைச் சூழ்ந்து நின்றது. தன்னைப் பாதுகாக்கவே அவர்கள் நிற்பதாக எண்ணி அருகில் சென்றாள். அவர்கள் துப்பாக்கியை நீட்டி வழி மறித்தார்கள். பின்னாலோ வசை பாடும் பெருங்கூட்டம்.

அவள் என்ன செய்தாள்? ஓடவில்லை, பள்ளியின் எதிரே சாலையோடு நடந்தாள். மறுகோடியில் இருந்த பேருந்து நிறுத்தத்தை அடைந்தால் போதும் என்பதே அவள் எண்ணம். கட்டி முடித்த நாளில் எந்த நீளத்தைக் கண்டு ஊர் பெருமைப்பட்டதோ, அந்த நீளம் முழுவதையும் எலிசபெத் அன்று கூட்டத்தின் கூச்சலுக்கிடையில் தன்னந்தனியாக நடந்து கடந்தாள். கடைசியில் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு செய்தியாளர் அவளருகில் அமர்ந்து ஆறுதல் சொன்னார். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கூட்டத்தைக் கடிந்துகொண்டு அவளைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிச் சென்றார். அன்று எடுத்த புகைப்படம் உலகெங்கும் பரவியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைவிட அந்தப் புத்தாடையே என்னை அதிகம் வருத்துகிறது. பள்ளி திறக்கும் நாளில் புத்தாடை உடுத்தும் ஆசை எந்த நாட்டுப் பெண்ணுக்குத்தான் இல்லை?

செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே சென்றனர். வெளியே கலகம் மூண்டதால் நண்பகலுக்குள் காவலர் அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 101ஆம் வான்படைப் பிரிவின் 1,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். 25ஆம் நாள் அவர்களின் காவலுடன், பக்கக் கதவை விட்டு, முன்வாயிற் படிகளில் ஏறி, அந்த நான்கு சிலைகளின் கீழே ஒன்பது பேரும் பள்ளிக்குள் நுழைந்தனர். வாய்ப்பு என்ற சிலைக்கு அன்றுதான் தன் பெயருக்குப் பொருள் கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 1927இல் தொடங்கிய திறப்பு விழா 1957இல்தான் நடந்து முடிந்தது என்று நான் மாணவியருக்குச் சொல்வதுண்டு.

முடிந்ததா? இல்லை, கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை, உள்ளே இடம் கொடுப்பது பல நாள் வேலை. ஏறத்தாழ 1,900 மாணவர் நடுவில் ஒன்பது பேர் அந்த ஆண்டைக் கழித்தார்கள். தள்ளுதல், துப்புதல், மாடிப்படியில் இடறிவிடுதல் என்று நாள்தோறும் துன்பம். இருதய நோய் உள்ள தெல்மாவுக்கு அந்தப் பெரிய கட்டடத்தின் படிக்கட்டுகளே ஒரு சோதனை. ஏச்சுக்கு எதிரேச்சுப் பேசிய மினிஜீன் ஆண்டின் நடுவிலேயே நீக்கப்பட்டாள். மற்ற எண்மரும் தாக்குப்பிடித்தனர். 1958 மே மாதத்தில் ஏர்னஸ்ட் கிரீன் அப்பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவரானார். விழாவைக் காண வந்திருந்தவர்களுள் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர்.

அடுத்து நடந்தது இன்னும் வேதனை. கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வருவதைவிட ஒருவருமே படிக்காதிருப்பது மேல் என்று ஆளுநர் நகரின் நான்கு பொது உயர்நிலைப் பள்ளிகளையும் இழுத்து மூடினார். வாக்களித்த மக்களில் பெரும்பான்மையோரும் அதற்கு உடன்பட்டனர். 1958-59 கல்வியாண்டு முழுவதும் 3,600க்கும் மேற்பட்ட மாணவருக்குப் பள்ளியில்லை. ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆசிரியையாக இதைப் படிக்கும்போது என் கண்கள் கலங்குகின்றன. 16,000 டன் கான்கிரீட் அங்கேயே நின்றது; கரும்பலகையும் நாற்காலிகளும் இருந்தன; பள்ளி மட்டும் இல்லை!

அதை மீட்டவர்களுள் முன் நின்றவர்கள் பெண்கள். எழுபத்தைந்து வயதான அடோல்ஃபீன் டெரி அம்மையாரும் அவர்தம் தோழியரும் 1958 செப்டம்பரில், பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று கோரும் பெண்கள் குழு ஒன்றை அமைத்தனர். வசதியான வெள்ளைக் குடும்பத்துத் தலைவிகள், அக்கம்பக்கத்தாரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் வீடு வீடாக ஆதரவு திரட்டினர். 1959 மே மாதத்தில் பள்ளிக் குழுவின் மூன்று உறுப்பினர்கள் 44 ஆசிரியர்களையும் பணியாளர்களையும் நீக்க முயன்றபோது, மக்கள் மீண்டும் வாக்களித்து அம்மூவரையே பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. கார்லட்டாவும் ஜெஃபர்சனும் திரும்பி வந்தனர். 1960 பிப்ரவரியில் கார்லட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. அப்போதும் அவள் பள்ளிக்குப் போவதை விடவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் அங்கே பட்டயம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமையுடன் வெளியே வந்தாள்.

1997 செப்டம்பர் 25 அன்று, நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், ஒன்பது பேரும் அதே படிகளில் ஏறினார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் கிளிண்டன் கதவைத் தம் கையால் பிடித்து அவர்களுக்காகத் திறந்து வைத்தார். 1998இல் அப்பள்ளி தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காட்சிக்கூடமாக்கி மூடிவிடாமல், இன்றும் பள்ளியாகவே நடத்தி வருகிறார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் அந்தப் படிகளில் ஏறி வகுப்புக்குச் செல்கிறார்கள். ஒரு பள்ளிக்கு இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேண்டுமா?

அன்பார்ந்த மாணவியரே! கட்டடம் கட்டுவோர் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்சமுள்ள வேலை உள்ளே இருப்பவர்களுடையது. அந்த 1,900 பேரில் சிலர் துன்புறுத்தினர். மிகச் சிலர் அன்பாகப் பேசினர். மற்றவர் பார்த்தும் பாராமல் இருந்தனர். ஒன்பது பேரின் மனத்தில் நீண்ட நாள் வலித்தது அந்தப் பாராமுகமும்தான். குண்டும் துப்பாக்கியும் நம் கையில் இல்லை. பாராமுகம் நம் எல்லாருடைய கையிலும் இருக்கிறது. இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த மாணவி எந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள்? நண்பகல் உணவு வேளையில் யார் தன் டிபன் பாக்ஸைத் தனியே திறக்கிறாள்? அவளிடம் போய், "வா, இங்கே உட்கார்" என்று சொல்லுங்கள். நம் பள்ளியில் நாளைக்கு வைக்க வேண்டிய கல் அதுதான்.